வளையவும் வேண்டும், மழிக்கவும் வேண்டும்

அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி நடத்தும் ஜர்னிமேன் தேர்வில் பேனாவுக்கு வேலை இல்லை. தேர்வுக்கு வருபவர் தன் கையால் காய்ச்சி அடித்த ஒரு பெரிய கத்தியோடு வர வேண்டும். அலகு 10 அங்குலத்தையும், பிடியோடு சேர்ந்த மொத்த நீளம் 15 அங்குலத்தையும், அகலம் 2 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. மாஸ்டர் ஸ்மித் பட்டம் பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று கவனிப்பார். முதலில் கயிறு: ஓர் அங்குலத் தடிமன், மேலே கட்டித் தொங்கவிட்டது, கீழ்முனை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். நுனியிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் ஒரே வீச்சில் அதைத் துண்டாக்க வேண்டும். கத்தியின் வாய் மழுங்கலாக இருந்தால் கயிறு அறுபடாது, ஒதுங்கிக்கொள்ளும். அடுத்து மரம்: வீடு கட்டப் பயன்படும் ‘டூ பை ஃபோர்’ சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். பெயர்தான் இரண்டுக்கு நான்கு. அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அதுவும் முடிந்த பிறகு, இடையில் தீட்டாமல், அதே வாயால் கை முடியை மழித்துக் காட்ட வேண்டும். கடைசியில் கத்தியை வைஸில் இறுக்கி 90 டிகிரிக்கு வளைப்பார்கள். விளிம்பில் சிறு கீறல் விழுந்தால் மன்னிப்பு உண்டு. ஒடியக் கூடாது, துண்டு தெறிக்கக் கூடாது.

தேறினாலும் தேறாவிட்டாலும் கத்தியின் கதை அன்றோடு முடிந்தது. பல மாலைகள் உழைத்துச் செய்ததை வளைத்துத் தூக்கிப் போடும் இந்த வழக்கம், கேட்ட மாத்திரத்தில் கிறுக்குத்தனமாகத்தான் தோன்றும். ஆனால் உலோகவியலின் கண்ணால் பார்த்தால் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வினாத்தாள் கிடைப்பது அரிது. முதல் மூன்று கேள்விகள் கத்தியிடம் கடினத்தைக் கேட்கின்றன. நான்காவது அதற்கு நேர் எதிரானதைக் கேட்கிறது. நல்ல அரம் ஒன்றை வைஸில் மாட்டி வளைத்தால் படாரென்று இரண்டாகும். கட்டுக்கம்பியை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், ஆனால் அதைத் தீட்டி ஒரு முடியைக்கூட மழிக்க முடியாது. இரண்டும் இரும்பும் கரியும் சேர்ந்தவைதான். ஒரே துண்டுக்குள் அரமும் கட்டுக்கம்பியும் குடியிருக்க வேண்டும் என்பதுதான் தேர்வின் நிபந்தனை.

சின்னக் கத்தியில் இந்தத் தகராறு வராது. பென்சில் சீவும் கத்தியை எவ்வளவு வேண்டுமானாலும் கடினமாக்கிவிடலாம்; அதை யாரும் ஓங்கி மரத்தில் இறக்கப் போவதில்லை. பெரிய கத்தி வீசப்படுவது. வீச்சின் வேகம் மோதும் இடத்தில் அடியாக மாறும். முடிச்சில் சிக்கினால் பக்கவாட்டில் முறுக்கி இழுப்போம். நீளமே நெம்புகோலாகித் தனக்கெதிராக வேலை செய்யும். சின்னக் கத்தியின் வரைபடத்தை இரண்டு மடங்காகப் பெருக்கினால் பெரிய கத்தி வந்துவிடாது. பொழுதுபோக்காக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

யார் இவர்கள்? பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, மாலையிலும் சனி ஞாயிறிலும் கார் நிறுத்தும் கொட்டகையில் உலை மூட்டுகிறவர்கள். அமெரிக்காவில் இந்தப் பழக்கத்துக்கு மறுபிறவி கொடுத்தவர் மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன். இயந்திரத்தில் எஃகைத் தேய்த்தே கத்தி செய்வது வழக்கமாகிவிட்ட காலத்தில், உலையில் காய்ச்சி அடிப்பதை விடாமல் வைத்திருந்தவர். 1973-ல் கத்திக் கைவினைஞர்களின் கண்காட்சி ஒன்றில், பல அடுக்கு எஃகை ஒட்டிச் செய்த அலைக்கோலக் கத்திகளை அவர் வைத்தபோது கூட்டம் மொய்த்தது. 1976-ல் அவரும் சில நண்பர்களும் சேர்ந்து இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சங்கத்தின் பள்ளிக்கூடம் ஆர்கன்சா மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் அமைந்தது. ஜிம் போவிக்குக் கத்தி அடித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஜேம்ஸ் பிளாக் என்ற கொல்லர் வாழ்ந்த ஊர் அது. 1836-ல் அலமோ கோட்டையில் செத்த அந்தப் போவியின் பெயரில்தான் இன்றும் அமெரிக்கர்கள் பெரிய கத்தியைக் குறிப்பிடுகிறார்கள். 2015-ல் ஹிஸ்டரி சேனல் ‘ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்’ நிகழ்ச்சியைத் தொடங்கியபின், சுத்தியலைத் தொட்டே அறியாதவர்களும் வீட்டுக் கொல்லையில் உலை வைக்க ஆசைப்பட ஆரம்பித்தார்கள். நிகழ்ச்சியில் மணிக்கணக்கில் கெடு வைத்துக் கத்தி செய்யச் சொல்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும். எஃகுக்கு அவசரம் பிடிக்காது என்பதை மட்டும் அதில் கற்றுக்கொள்ள முடியாது.

நம் ஊரில் செய்து பார்க்கத் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ உரியதாக இல்லாவிட்டால், இந்திய ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடும். தென்னை மட்டை வெட்டும் அரிவாளுக்குச் சிக்கலில்லை. சுவரில் மாட்டி அழகு பார்க்கும் போவிக் கத்திக்குத்தான் கேள்வி வரும்.

*

முதல் பெரிய கத்திக்கு அமெரிக்காவில் பலரும் தேர்ந்தெடுக்கும் எஃகு 5160. நூற்றுக்கு 0.6 பங்கு கரி, ஏறக்குறைய 0.8 பங்கு குரோமியம், அதே அளவில் மாங்கனீஸ், மிச்சமெல்லாம் இரும்பு. இது வண்டிகளின் வில் பட்டைக்காகவே பிறந்த எஃகு. சுமையில் வளைந்து நிமிர்ந்து ஓயாமல் வேலை செய்ய வேண்டிய பட்டைக்கு வேண்டிய குணமும், மரத்தில் மோதி நிற்க வேண்டிய கத்திக்கு வேண்டிய குணமும் ஒன்றே. நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய லாரிப் பட்டையை வெட்டி அரிவாள் அடிப்பதும் இதே காரணத்தால்தான். இங்கே ஓடும் பட்டைகளில் எஸ்யூபி 9 என்ற ரகம் 5160-க்குப் பங்காளி. இஎன் 45 என்ற ரகத்தில் குரோமியத்துக்குப் பதிலாகச் சிலிக்கான் அந்த இடத்தைப் பிடித்திருக்கும். பொழுதுபோக்குக்காரர்களுக்கு நான் சொல்வது: பழைய பட்டையை எடுக்காதீர்கள், புதுக் கம்பி வாங்குங்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத களைப்பு வெடிப்புகள் இருக்கும். அடித்து, தேய்த்து, மெருகேற்றிய பிறகுதான் அவை தலைகாட்டும்.

உலை இப்போது பெரும்பாலும் கேஸ் உலைதான். இரும்பு உருளைக்குள் பீங்கான் நார்ப் போர்வை, அதன்மேல் தீ தாங்கும் பூச்சு, பக்கவாட்டில் ஒரு பர்னர். துருத்தி ஊத ஆள் தேவையில்லை. மூடிய கொட்டகையில் மட்டும் மூட்டக் கூடாது. எரிவாயு அரைகுறையாக எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி வந்து நாம் சுதாரிப்பதற்குள் கைகால் ஓய்ந்துவிடும்.

எஃகு ஆரஞ்சு தாண்டி மஞ்சளை நெருங்கும்போது எடுத்துப் பட்டடையில் வைத்து அடிக்க வேண்டும். சிவப்பு மங்கியபின் அடித்தால் சுத்தியல்தான் துள்ளும். உள்ளே வெடிப்பும் விழலாம். புதிதாகக் கற்பவர்களைத் திகைக்க வைக்கும் ஒன்று இந்தக் கட்டத்தில் நடக்கும். வாய்ப்பக்கத்தை அடித்து மெலிதாக்க மெலிதாக்க, அலகு தானாகவே முதுகுப் பக்கமாக வளையத் தொடங்கும். அடித்த இடத்து உலோகம் எங்காவது போயாக வேண்டும். வாய் நீள்கிறது, முதுகு நீளவில்லை, ஆகவே வளைவு. அனுபவப்பட்டவர்கள் முன்கூட்டியே கம்பியை எதிர்ப்பக்கமாக வளைத்துவிட்டுத்தான் வாயைத் தட்டத் தொடங்குவார்கள். தட்டத் தட்ட அது நிமிர்ந்து நேராகிவிடும்.

பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கை உண்டு. வாயை ஆறிய சூட்டில் லேசாகத் தட்டித் தட்டி இரும்பை நெருக்கினால் கூர் நிற்கும் என்பார்கள். சுத்தியலால் எஃகின் அடர்த்தியைக் கூட்ட முடியாது. அது முன்பே அணுக்கு அணு நெருங்கித்தான் நிற்கிறது. அப்படித் தட்டிய கத்திகள் சில நன்றாக வெட்டியதும் உண்மைதான். தட்டியவர் குறைந்த சூட்டில் வேலை செய்தார். குறைந்த சூடு எஃகின் மணிகளைப் பெருக விடவில்லை. புண்ணியம் சுத்தியலின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

மணிகள் என்று சொன்னேன். எஃகு கண்ணாடியைப் போல ஒரே பாளமாக இருப்பதில்லை. நுண்ணிய படிகங்கள் ஒன்றோடொன்று எல்லை போட்டு அடைத்துக்கொண்டிருக்கும் கூட்டம் அது. சூடு ஏறினால் பெரிய மணி பக்கத்து மணியை விழுங்கிப் பருக்கும். மணி பருத்தால் எல்லைகள் குறையும். எல்லை குறைந்தால் வெடிப்பு தடையில்லாமல் ஓடும். இதைப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை. ஒரே கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மஞ்சள் சூட்டில் கால் மணி நேரம் போட்டு வைத்து எண்ணெயில் நனையுங்கள். மற்றதை அளவான சூட்டில் நனையுங்கள். இரண்டையும் வைஸில் வைத்துச் சுத்தியலால் ஒடியுங்கள். அதிகம் காய்ந்ததன் முறிவில் ரவை கொட்டினாற்போல் மினுமினுக்கும் பரல்கள் தெரியும். மற்றதன் முறிவு சாம்பல் நிறத்தில், மினுக்கமே இல்லாமல், மழமழவென்று இருக்கும். இப்படி ஒருமுறை ஒடித்துப் பார்த்தவர்கள் அதன்பின் உலையில் கத்தியை மறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போக மாட்டார்கள்.

பருத்த மணியைச் சிறுக்க வைக்கவும் வழி உண்டு. அடித்து முடித்த அலகை மாற்றச் சூட்டுக்கு மேலே ஏற்றிக் காற்றில் ஆறவிட வேண்டும், மறுபடி, முன்னதைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில், மறுபடியும் ஒருமுறை. ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய படிகங்கள் பழைய எல்லைகளில் முளைத்துக் கூட்டம் நெருக்கமாகும். மூன்று முறை சும்மா காய்ச்சி ஆறவிடுவதை நேர விரயம் என்று நினைத்துத் தாண்டுகிறவர்கள் பின்னால் வைஸ் முன் நிற்கும்போது வருந்துவார்கள்.

*

மாற்றச் சூடு என்பது என்ன? சாதாரண வெப்பத்தில் இரும்பின் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவில் ஒன்றுமாக உட்கார்ந்திருக்கும். இந்த அமைப்புக்குப் பெயர் ஃபெர்ரைட். அதில் கரிக்கு இடமே இல்லை. அதிகபட்சம் நூற்றுக்கு 0.02 பங்குதான் கரையும். 727 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அணுக்கள் இடம் மாறி, மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் உட்காரும். இது ஆஸ்டனைட். இதன் இடைவெளிகள் கரிக்குத் தாராளம். இன்னும் சூடேற்றினால் நூற்றுக்கு 2 பங்கு வரை கரையும். ஆக, சூடான எஃகில் கரி எங்கும் பரவிக் கரைந்திருக்கிறது. ஆறும்போது அதற்குப் போக்கிடம் இல்லை. மெதுவாக ஆறவிட்டால் கரி நகர்ந்து ஒதுங்கி, இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற தகடுகளாகப் படியும். ஃபெர்ரைட்டும் சிமென்டைட்டும் மாறி மாறி அடுக்கிய அந்த மென்மையான நிலை பியர்லைட். கரி நகர்வதற்குள் குளிர வைத்துவிட்டாலோ கதை வேறு. கரி இருந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். அணுக்கூடு அதை வெளியேற்ற முடியாமல் ஒரு பக்கமாக நீண்டு இறுகிப்போகும். இந்த இறுக்கம்தான் மார்டென்சைட். மழிக்கும் வாயை நமக்குத் தருவது இதுதான்.

நம் கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்லும் வேலையின் மொத்தச் சூட்சுமமும் இந்த ஓட்டப் பந்தயத்தில் அடங்கும். 540 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கரி மிக வேகமாகத் தகடாகும். கரி மட்டுமே சேர்ந்த 1095 போன்ற எஃகை ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் அந்த வெப்பத்துக்குக் கீழே இறக்கியாக வேண்டும். 5160-ல் உள்ள குரோமியமும் மாங்கனீஸும் கரியின் நடையைத் தளர்த்தி, அந்த அவகாசத்தைச் சில விநாடிகளாக நீட்டுகின்றன. தொடக்கக்காரருக்கு இந்தச் சில விநாடிதான் வாழ்வு. தண்ணீரின் மூர்க்கமான குளிர்ச்சி தேவையில்லை, எண்ணெய் போதும். கடையில் வாங்கும் கனோலா சமையல் எண்ணெயை 55 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். எண்ணெயைச் சூடாக்கினால் குளிர்ச்சி குறையாதா என்று கேட்கத் தோன்றும். சூடான எண்ணெய் இளகி வேகமாகச் சுழலும். கத்தியைச் சுற்றி உருவாகும் ஆவிப்போர்வையும் சீக்கிரம் கிழியும். கெட்டியான குளிர்ந்த எண்ணெயைவிட அது வேகமாகவே குளிர்விக்கும்.

சரியான சூட்டை அறிய வீட்டிலேயே இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று காந்தம். சுத்தமான இரும்பு 770 டிகிரியில் காந்தத்தைக் கைவிடும். கரி நிறைந்த எஃகு ஆஸ்டனைட்டாக மாறும்போதே கைவிட்டுவிடும். கம்பியில் கட்டிய காந்தத்தை அலகின் அருகே கொண்டுபோனால் ஒட்டாது. அதற்கு மேலும் சற்றே சூடேற்ற வேண்டும். மற்றொன்று கண். கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு உலைக்குள் பாருங்கள். சிவந்துகொண்டே வரும் அலகின்மேல் திடீரென்று கரிய நிழல் ஒன்று தோன்றும். மெல்லிய வாயோரத்தில் தொடங்கி, தடித்த முதுகை நோக்கி மெல்ல ஊர்ந்து போகும். நீர் கொதிக்கும்போது வெப்பம் உட்கொண்டு ஆவியாவது நமக்குத் தெரியும். ஃபெர்ரைட் ஆஸ்டனைட்டாக மாறும்போதும் அணுக்கள் இடம்பெயர வெப்பம் உட்கொள்ளும். உட்கொள்ளும் இடம் அந்தக் கணத்தில் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கருக்கிறது. நிழல் கடைசியாக முதுகில் கரைந்து, அலகு முழுவதும் ஒரே நிறமானால் மாற்றம் முடிந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டால் இதன் மறுதலை நடக்கும்: மங்கிக்கொண்டு வரும் எஃகு நடுவில் ஒருமுறை தானாகப் பிரகாசிக்கும். அணுக்கள் வீடு திரும்பும்போது வாங்கிய வெப்பத்தைக் கொடுத்துவிடுகின்றன. விலையுயர்ந்த வெப்பமானி வாங்கியவர்கள்கூட இந்த நிழலைப் பார்ப்பதை விடுவதில்லை.

நனைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையைப் பலர் மறப்பார்கள். முரட்டு பெல்ட்டில் தேய்த்த அலகின் குறுக்கே ஆழமான கீறல்கள் இருக்கும். ஒவ்வொரு கீறலும் வெடிப்புக்கு வாசல். 120 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்துக் குறுக்குக் கீறல்களை எடுத்துவிட வேண்டும். வாயையும் அப்போதே கூராக்கிவிடக் கூடாது. ஒன்றரை மில்லிமீட்டராவது தடிமன் விட்டு வைக்காவிட்டால் அலை அலையாகத் திருகிக்கொள்ளும். அலகும், பிடிக்குள் போகும் காம்பும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் உருண்டை அரத்தால் வளைத்துவிட வேண்டும். அடியின் விசை முழுவதும் கூர்மூலையில்தான் குவியும். பெரிய கத்தி ஒடிந்தால் அனேகமாகப் பிடிக்குள், இந்த மூலையில்தான் ஒடிந்திருக்கும்.

பிறகு நனைப்பு. நுனி கீழே பார்க்க, பக்கவாட்டில் ஆட்டாமல், வெட்டுகிற திசையில் மட்டும் முன்னும் பின்னும் அசைத்து எண்ணெயில் இறக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு கன்னம் முந்திக் குளிர்ந்து கத்தி கோணிப்போகும். தீ எழும், புகை எழும், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தால் வெடித்துவிட்டது, வேறு அர்த்தமே கிடையாது. ஆஸ்டனைட் மார்டென்சைட்டாகும்போது ஏறத்தாழ 4 சதவீதம் விரிகிறது. எல்லா இடமும் ஒரே நேரத்தில் விரியாததால் உள்ளே இழுபறி. ஆனால் அந்த விரிவு 250 டிகிரியை ஒட்டித்தான் தொடங்கும். எண்ணெயிலிருந்து அதற்கு முன்பே எடுத்துவிட்டால், கத்தி இன்னும் ஆஸ்டனைட்டாகவே, சொன்னபடி கேட்கும் நிலையில் இருக்கும். கோணல் இருந்தால் தடித்த கையுறையோடு நிமிர்த்திவிடலாம். சில மூச்சு நேரம்தான். கையில் பிடித்திருக்கும்போதே அது விறைப்பேறி, இனி அசைய மாட்டேன் என்று சொல்வதை உணர முடியும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். படிக அமைப்பு மாறுவதை உள்ளங்கையில் உணரும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

குளிர்ந்ததும் வாயில் பழைய அரத்தை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் கடினப்பட்டுவிட்டது. கடித்தால் மறுபடி உலை.

*

இப்போது கையில் இருப்பது கத்தி வடிவத்தில் ஓர் அரம். சிமென்ட் தரையில் விழுந்தால் இரண்டாகும். அன்றே அடுப்பில் வைத்தாக வேண்டும். கேக் சுடும் அவனில் 200 டிகிரி, இரண்டு மணி நேரம். ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம். சிக்கியிருந்த கரியில் கொஞ்சம் இந்த மிதமான சூட்டில் விடுபட்டு நுண்ணிய கார்பைடுகளாகப் படியும்; கூட்டின் இறுக்கம் சற்றே தளரும். கடினத்தில் சில புள்ளிகள் போகும், உரம் பன்மடங்கு கூடும். இரண்டாம் முறை எதற்கு என்றால், முதல் நனைப்பில் மாறாமல் மிஞ்சிய ஆஸ்டனைட்டில் ஒரு பகுதி முதல் சூட்டுக்குப் பின் ஆறும்போது புது மார்டென்சைட்டாகியிருக்கும். அதற்கும் இளக்கம் தர வேண்டும். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 57, 58 வந்தால் மரம் வெட்டும் கத்திக்குப் போதும். சமையல் கத்தி செய்கிறவர்கள் 60-க்கு மேலே போவதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம்.

அவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். அல்லது எஃகையே கேளுங்கள். சூடேற்றும் முன் ஓரிடத்தை மெருகேற்றி வைத்தால், 200 டிகிரிக்குச் சற்று மேல் வெளிர் வைக்கோல் நிறம், 260-க்குப் பழுப்பு, 280 வாக்கில் ஊதா, 300-ல் நீலம் என்று வரும். எஃகின்மேல் படரும் ஆக்சைடுப் படலத்தின் தடிமன் கூடக் கூட, அதன் மேற்பரப்பிலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களை அழித்துவிடுகிறது. மழைநாளில் ரோட்டில் சிந்திய எண்ணெய் வண்ணம் காட்டுவதும் இதே இயற்பியல்தான்.

வைஸில் வளையும் சோதனைக்கு இந்த அளவு இளக்கம் போதாது. அதற்கு முதுகை மட்டும் தனியாக மென்மையாக்க வேண்டும். வாயைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, முதுகில் மட்டும் கேஸ் தீயை ஓட்டி நீலம் வரும்வரை காய்ச்சுவது ஒரு வழி. தொடக்கத்திலேயே வாயை மட்டும் எண்ணெயில் நனைத்து, முதுகைக் காற்றில் விட்டுவிடுவது இன்னொரு வழி. ஜப்பானிய வாள் கொல்லர்கள் முதுகில் களிமண் பூசி நனைப்பது அதே நோக்கத்தில்தான். நம் ஊர் உலைக்களத்தில் அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு தானே வாய்க்கு ஏறிப் பதம் தர விடுவார்கள். துவைச்சலும் இளக்கலும் ஒரே காய்ச்சலில் முடியும்; நிறத்தைப் பார்த்துச் சரியான கணத்தில் முழுதாக அமிழ்த்த வேண்டும். அவனும் வெப்பமானியும் வைத்திருக்கிறவர்கள் தாராளமாகப் பொறாமைப்படலாம்.

கடினமாக்கினால் கத்தி விறைப்பாகும், இளக்கினால் தொய்யும் என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். அனுபவசாலிகளே தவறவிடும் இடம் இது. எஃகின் மீள்தன்மை எண் சுமார் 200 கிகாபாஸ்கல். துவைச்சல் போட்டாலும் போடாவிட்டாலும் அது ஏறக்குறைய மாறாது. ஒரே அளவுள்ள இரண்டு அலகுகளை, ஒன்று பதப்படுத்தியது, மற்றது படுத்தாதது, கொஞ்சமாக வளைக்க ஒரே விசைதான் தேவை. வித்தியாசம் கையை எடுத்த பிறகு தெரியும். பதப்பட்டது நிமிர்ந்துகொள்ளும், படாதது வளைந்தபடியே நிற்கும். விறைப்பைத் தீர்மானிப்பது தடிமன், அதுவும் அதன் மும்மடிப் பெருக்கத்தில். 6 மில்லிமீட்டர் முதுகு 3 மில்லிமீட்டரைவிட எட்டு மடங்கு விறைப்பு. அதே தடிமன் வளைவில் எதிரியாகவும் மாறும். 6 மில்லிமீட்டர் அலகை 60 மில்லிமீட்டர் ஆர வளைவில் மடித்தால் அதன் வெளித்தோல் 5 சதவீதம் நீண்டாக வேண்டும். மிக உறுதியான எஃகும் ஒரு சதவீதம் வரைதான் நீண்டு திரும்பும். மிச்சத்தை நிரந்தரமாக நீள்வதன் மூலமே சமாளிக்க வேண்டும். கடின வாயால் அது முடியாது, மென்மையான முதுகால் முடியும். தேர்வுக்குப் போகிறவர்கள் முதுகை நீலமாக்குவதோடு, அலகை நுனியை நோக்கி மெலிதாக்கிக்கொண்டே போவதன் ரகசியம் இதுதான். மெலிவு கையின் களைப்பையும் குறைக்கும். முன்பாரம் அதிகமான கத்தி பத்து வீச்சில் மணிக்கட்டைப் பிடித்துவிடும்.

அடுத்த நிலையான மாஸ்டர் தேர்வுக்கு இன்னொரு நிபந்தனை கூடும். சோதனைக் கத்தி குறைந்தது 300 அடுக்கு கொண்ட அலைக்கோல எஃகாக இருக்க வேண்டும். 1084 எஃகையும் இரண்டு சதவீத நிக்கல் கலந்த எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, வெண்காரம் தூவி, வெண்மஞ்சள் சூட்டில் அடித்து ஒட்டுவார்கள். ஏழு அடுக்கில் தொடங்கி ஆறு முறை நீட்டி மடித்தால் 448. பிறகு ஃபெர்ரிக் குளோரைடில் ஊற வைத்தால், நிக்கல் அடுக்கு பளபளப்பாக நிற்கும், மற்றது கருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் பலகை அரிக்க விற்கும் அதே திரவம்தான். இதையும் டமாஸ்கஸ் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு மூல உரிமை வேறொன்றுக்கு உண்டு. ஒன்றரை சதவீதம் கரி கொண்டு, தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு அது. கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் அதன் உலைத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதில் மடிப்பே கிடையாது. கோலம் எஃகுக்குள்ளிருந்தே வரும். அந்தக் கோலத்தை மீட்டவர்களில் ஒருவர் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரே. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் வெர்ஹோவனோடு சேர்ந்து அவர் 1998-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தாதுவோடு வந்த வனேடியம் போன்ற கலப்பு மிகச் சிறு அளவில் இருந்தாலே கார்பைடுகள் வரிசை கட்டி நிற்கும். பட்டறை ஆளின் கையும் ஆய்வகத்தின் கருவியும் சேர்ந்து அவிழ்த்த முடிச்சு அது.

*

அடிப்பது ஒரு நாள் வேலை என்றால் முடிப்பது ஒரு வார வேலை. முதலில் கருஞ்செதில். காய்ச்சும்போது படர்ந்த இந்த ஆக்சைடு எஃகைவிடக் கடினம். நேரே தேய்த்தால் விலையுயர்ந்த பெல்ட்டைத் தின்றுவிடும். இரவு முழுவதும் வினிகரில் போட்டு வைத்தால் காலையில் துணியால் துடைத்தெடுக்கலாம். பிறகு பெல்ட் சாணை. இப்போது கத்தி பதப்பட்டது என்பதால், அவனின் 200 டிகிரியைத் தாண்டிச் சூடானால் வாங்கிய கடினம் போகும். மெல்லிய வாய் கண் இமைக்கும் நேரத்தில் சூடேறும். கையுறை போடாமல் வெறும் விரலால் பிடித்துத் தேய்த்து, சுட்டதும் தண்ணீரில் முக்குவதே பாதுகாப்பு. வாயில் நீலப் புள்ளி ஒன்று தெரிந்தால் அந்த இடம் மறுபடி மென்மையாகிவிட்டது. தேய்த்தே அதைக் கடக்க வேண்டும்.

அதன்பின் உப்புத்தாள். 220, 400, 600 என்று எண் ஏற ஏறத் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும். ஒன்றைச் சாய்வாக, அடுத்ததை எதிர்ச்சாய்வாக. முந்தைய கீறல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று உறுதிப்பட இதைவிட எளிய வழி இல்லை. தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் மூலைகள் உருண்டுபோகும். தட்டையான இரும்புக் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். 220-ல் விட்ட ஒரே ஒரு கீறல் 600-ல் வந்து பல்லிளிக்கும்போது திரும்பப் போவதா, கண்ணை மூடிக்கொள்வதா என்று ஒரு தர்மசங்கடம் வரும். திரும்பப் போகிறவர்களின் கத்தியைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். முகமூடி இல்லாமல் இந்த வேலை கூடாது. உலோகத் தூளும் பிடி மரத்தின் தூளும் நுரையீரலுக்குள் போனால் எளிதில் திரும்பி வராது.

பிடி மரம் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும், விட்டுச் சுருங்கும், எஃகு அசையாது. நாளடைவில் பூணுக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி விழும். அதனால் மரத்தை வெற்றிடத்தில் வைத்து நுண்துளைகளில் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஒட்டப் பயன்படும் எப்பாக்சிக்கும் வழுவழுப்பான பரப்பு ஆகாது. காம்பை முரட்டுத்தாளால் கீறி, அசிட்டோனால் துடைத்து, அதன்பின் விரல் படாமல் ஒட்ட வேண்டும்.

கடைசியில் வாய். மரம் வெட்டும் கத்திக்குச் சவரக்கத்தியின் மெல்லிய கோணம் தாங்காது. பக்கத்துக்கு 20 டிகிரி சுமார், அதுவும் தட்டையாக இல்லாமல் சற்றே புடைத்த வளைவாக. புடைத்த வாய் மரத்துக்குள் இறங்கும்போது ஆப்புப்போல் இருபுறமும் தள்ளி, சிக்காமல் வெளியே வரும். தோல் பட்டையில் பசை தடவி நாலு இழுப்பு இழுத்தால் முடி மழியும். 5160-ல் உள்ள குரோமியம் துருவைத் தடுக்கப் போதாது. வெட்டி முடித்ததும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். தோலுறை செய்து கொடுத்தாலும் கத்தியை அதற்குள்ளேயே போட்டு வைக்கக் கூடாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் அமிலமும் ஈரமும் தங்கும்; ஒரு மழைக்காலம் போதும், 600-ல் தேய்த்த கன்னம் முழுக்கத் துருப்புள்ளி விழ.